அதே அரை மணி நேரம், வேறு இடம்

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், மூன்று மணிதான் என்று தெரியும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால், என்றோ அக்காவுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதம் தொடக்கத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். அவள் சொன்னது, நான் சொன்னது, நான் சொல்லியிருக்க வேண்டியது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஒவ்வோர் இரவும் இப்படித்தான் கழிந்தது.

நான் 22 ஆண்டுகளாகப் பிழைதிருத்தும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பக்கங்கள் கண் முன்னால் போகும். ரகர றகர மயக்கம், ஒற்று மிகும் இடம், மிகா இடம், மூட மறந்த மேற்கோள் குறி, ஒரே பத்தியில் இரண்டு விதமாக எழுதப்பட்ட ஒரு பெயர். மற்றவர்கள் வரியைப் படிப்பார்கள். நாங்கள் ஒவ்வோர் எழுத்தின் மேலும் நின்று நின்று போவோம். அந்த ஆண்டு ஒரு புத்தகத்தில் அத்தியாயத் தலைப்பு 'அறம்' என்று இருக்க வேண்டியது 'அரம்' என்றே அச்சாகிவிட்டது. மூன்று முறை பார்த்த ப்ரூஃப். உள்ளே எங்கோ பொடி எழுத்தில் அல்ல, தலைப்பில். மூன்று முறையும் என் கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. நூலாசிரியர் திட்டவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டு, "உடம்புக்கு ஏதும் சரியில்லையா அம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பல நாள் என்னைவிட்டுப் போகவில்லை.

உடம்புக்கும் சரியில்லைதான். அதே மாதம் பார்த்ததில் இரத்த அழுத்தம் 148/94. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். நான் சொன்னதைச் செய்கிறவள். மறுநாளே வீட்டிலிருந்து கிளம்பி, பெரிய சாலையின் ஓரமாகப் பதினைந்து நிமிடம் போய், பதினைந்து நிமிடம் திரும்பி வர ஆரம்பித்தேன். நான்கு மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தேன். மூட்டு கொஞ்சம் இளகியது, படியேறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. ஆனால் அக்காவும் கூடவே நடந்தாள். பஸ் ஹாரன் அடிக்கும்போது ஒரு நொடி வாக்குவாதம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறகு அந்தச் சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். நடக்க வழியில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் எதிர்த் திசையில் ஏரிக்கரைக்குப் போனேன். பிடித்துப் போனதாகச் சொல்ல மாட்டேன். தரை சமமாக இல்லை, செருப்புக்குள் மண் புகுந்தது, நாய்கள் வேறு. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மதகு வரை வந்து நின்றபோதுதான் தெரிந்தது: வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், வாக்குவாதம் ஒரு முறைகூட ஓடவில்லை. வழியில் என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நீர்க்காகம் நட்ட கம்பின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் நினைவிருந்தது.

என் தொழில் புத்தி சும்மா இருக்கவிடாது. ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் அகராதியைப் புரட்டாமல் நகர மாட்டேன். நடந்தது அதே அரை மணி நேரம், நடந்தவளும் அதே ஆள். இடம் மட்டும்தான் மாறியது. இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கிடைத்தது எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. 2015-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். ஒரு குழு புல்வெளியும் ஓக் மரங்களும் உள்ள வழியில், மற்றொன்று வாகனங்கள் விரையும் பல தடச் சாலையின் ஓரத்தில். நடப்பதற்கு முன்பும் பின்பும் கேள்வித்தாள், மூளை ஸ்கேன். பழைய கசப்பைத் திரும்பத் திரும்ப மெல்லும் பழக்கத்தைத்தான் அவர்கள் அளந்தார்கள். தமிழில் நாம் அசைபோடுவது என்கிறோம். உளவியலாளர்கள் வைத்திருக்கும் கலைச்சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்து வந்ததுதான். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம் அந்த அசைபோடல் குறைந்திருந்தது. அப்படி மனம் தன்னையே அரிக்கும்போது முனைப்பாக இயங்கும் முன்மூளைப் பகுதி ஒன்றின் செயல்பாடும் அவர்களிடம் தணிந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் இரண்டும் மாறவில்லை. 38 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரிகளைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி விழிப்பை என் குணக்கேடு என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

அடுத்தது உடம்பைப் பற்றியது. லண்டனில் நடந்த ஆய்வு. 2017 இறுதியில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. 60 வயதைத் தாண்டிய 119 பேர். அவர்களில் ஆரோக்கியமானவர்களும் இருந்தார்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், இதய நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். ஒரே ஆளை ஒரு நாள் ஹைட் பூங்காவில் இரண்டு மணி நேரம் நடக்கவைத்தார்கள், இன்னொரு நாள் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் இரண்டு மணி நேரம். அந்தத் தெருவில் அப்போது டீசல் பஸ்களும் டாக்சிகளும் ஓயாமல் ஓடின. பூங்காவில் நடந்த நாளில் நுரையீரல் நன்றாக விரிந்தது, இரத்தக் குழாய்களின் விறைப்பு தளர்ந்தது. தெருவில் நடந்த நாளில் அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்காமலே போனது. நடைக்கு உரிய கூலியைப் புகை பிடுங்கிக்கொண்டது. நான்கு மாதம் பெரிய சாலையோரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டதை நினைத்து வருத்தப்பட்டேன். "தினமும் நடங்கள்" என்று சொல்கிற மருத்துவர்கள் எங்கே நடக்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு புங்கை மரம். அதன் அடியில் யாரோ எப்போதோ போட்ட சிமெண்ட் பலகை, ஒரு கால் சற்றே புதைந்து சாய்ந்திருக்கும். இப்போதெல்லாம் பத்து நிமிடம் நடந்து அங்கே போகிறேன், இருபது நிமிடம் உட்காருகிறேன், பத்து நிமிடம் திரும்பி நடக்கிறேன். கைப்பேசி வீட்டில். இருபது நிமிடம் என்பது நானாக எடுத்துக்கொண்ட அளவு. பிறகு படித்தேன், 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 36 பேர் எட்டு வாரம் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தங்களுக்குப் பிடித்த பசுமையான இடத்தில், பிடித்த நேரத்தில், கைப்பேசி இல்லாமல். போவதற்கு முன்பும் வந்த பின்பும் எச்சிலை எடுத்துக் கார்ட்டிசாலைச் சோதித்தார்கள். மன அழுத்தம் கூடும்போது உடலில் ஏறும் சுரப்பு அது. செலவிடும் நேரத்துக்கு அதிகப் பலன் கிடைத்தது 20 முதல் 30 நிமிடத்தில். அதற்கு மேல் உட்கார்ந்தாலும் கார்ட்டிசால் குறைந்துகொண்டுதான் இருந்தது, குறையும் வேகம்தான் மட்டுப்பட்டது.

அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று தம்பி கேட்டான். ஒன்றும் செய்வதில்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. புங்கை இலையைப் பார்ப்பேன்.

கீழே விழுந்த ஓர் இலையை எடுத்து விரலால் தடவினால் வழவழவென்று போய்க்கொண்டே இருந்து திடீரென்று முட்டும். கம்பு மணிகளைத் தூவி ஒட்டவைத்ததுபோல் இலையெங்கும் சின்னச் சின்னப் புடைப்புகள். சிலவற்றில் பத்து, சிலவற்றில் எண்ணி முடியாது. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரி இலையைச் சுரண்டி உண்ண வரும்; இலை தன் சதையையே வளைத்து அதைச் சுற்றி அறை கட்டிவிடும். அந்த உயிரி உள்ளேயே குடும்பம் நடத்தும். புங்கையில் புடைப்பு இல்லாத இலையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் என் கண் அந்தப் புடைப்புகளில் நின்று நின்றுதான் போனது, பிழையில் நிற்பதுபோல. எத்தனை நாள் கழித்து என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு காலை இலையை வெறுமனே கையில் வைத்திருந்தேன். திருத்த வேண்டியது அதில் எதுவும் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் காப்லான், ஸ்டீஃபன் காப்லான் தம்பதியர் 1989-இல் எழுதியதைப் படித்தபோது இந்த இலைதான் நினைவுக்கு வந்தது. நமக்குக் கவனம் இரண்டு விதம் என்கிறார்கள். வேலைக்காக முயன்று செலுத்தும் கவனம் ஒன்று. மற்றதையெல்லாம் தள்ளிவைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் அது களைத்துப்போகும். களைத்தால் பிழை வரும், எரிச்சல் வரும், முடிவெடுக்க வராது. இன்னொன்று தானாகப் போய் ஒட்டும் கவனம். மேகம் நகர்வது, நீரில் வெயில் அசைவது, இலை ஆடுவது. இவை கண்ணைப் பிடித்து இழுப்பதில்லை, மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் வேறு நினைவுக்கும் இடமிருக்கும். அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. தொலைக்காட்சியும் கவனத்தை இழுக்கும்தான், ஆனால் அங்கே அடுத்தடுத்து இழுத்துக்கொண்டே இருப்பதால் ஓய்வுக்கு இடைவெளி இல்லை. பிழைதிருத்தி அலுத்துப்போய் இரவு கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே கிடந்த நாட்களில் ஏன் தெளிவு வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் அதே மிச்சிகனில், எண் வரிசையைச் சொல்லி அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லவைத்தார்கள். பிறகு சிலரை மரத்தோட்டத்திலும் சிலரை நகரத் தெருவிலும் நடக்க அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து இடத்தை மாற்றினார்கள். மரங்களுக்கிடையே நடந்து வந்தபோது எண்களை முன்பைவிட நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள், தெருவில் நடந்து வந்தபோது அப்படி இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த செய்தி: கடுங்குளிரில், நடையை ரசிக்காமல், முகம் சுளித்துக்கொண்டு நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. செருப்புக்குள் மண்ணோடு சலித்துக்கொண்டே ஏரிக்கரையில் நடந்த என் முதல் வாரத்தை நினைத்துக்கொண்டேன். ரசனை உள்ளவர்களுக்குத்தான் இயற்கை என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வரும். கவிதை எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பறவைகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போய் நின்றால் போதும், உடம்பு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 78 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து அவரை வைத்திருந்த அறையில் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நான்கடி தள்ளிச் சுவர், சுவரில் கழிவுநீர்க் குழாய். அப்பா மூன்று நாள் கண்ணை மூடியே கிடந்தார். கூப்பிட்டால் பதில் வரும், அவ்வளவுதான். நான்காம் நாள், அந்த அறையில் ஏதோ மின்பழுது என்று எங்களை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் முழுக்க ஒரு மரத்தின் தலை. மாற்றிய அன்று மாலை அப்பா கையை நீட்டி மேசைப் பக்கம் துழாவினார். "என்னப்பா வேண்டும்?" என்றேன். "கண்ணாடி எங்கே அம்மாடி, அந்தக் கிளையில் ஏதோ ஓடுகிறது" என்றார். அணில். நான்கு நாளில் அவர் கண்ணாடி கேட்டது அப்போதுதான்.

மரத்தைப் பார்த்ததால்தான் தேறினார் என்று நான் சொல்ல மாட்டேன். நான்காம் நாளில் வலி குறைவது இயல்பு, மருந்தும் வேலை செய்திருக்கும். ஆனால் பின்னால் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எழுதியதைப் படித்தபோது அந்த ஜன்னல்தான் கண் முன் நின்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். அதிலும் மரங்களில் இலை இருக்கும் மாதங்களில் படுத்திருந்தவர்களை மட்டும். சில அறைகளின் ஜன்னல் மரங்களைப் பார்த்தது, சிலவற்றின் ஜன்னல் செங்கல் சுவரைப் பார்த்தது. வயது, பாலினம், புகைப்பழக்கம், உடல் எடை எல்லாம் ஒத்துப்போகும்படி இரண்டிரண்டு பேராக 23 ஜோடிகளைப் பிரித்து ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். மரம் தெரிந்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. நோயாளி அழுகிறார், ஊக்கம் தேவைப்படுகிறது என்பதுபோன்ற செவிலியர் குறிப்புகளும் அவர்களுடைய ஏட்டில் குறைவு. 1984-இல் சயின்ஸ் இதழில் வந்த இந்தச் சிறு கட்டுரை பிற்பாடு மருத்துவமனைகளைக் கட்டுகிறவர்களையே யோசிக்க வைத்தது. ஒரு நாளில் முக்கால் பங்குதான் வித்தியாசம் என்று யாராவது சொல்லலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தூக்கம் திரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வெளிச்சம். கைப்பேசியில் ஒளியை அளக்கும் செயலி ஒன்று இருக்கிறது. என் மேசையில் விளக்கைப் போட்டு வைத்துப் பார்த்தால் 210 லக்ஸ். வீட்டிலேயே வெளிச்சமான மூலை அதுதான் என்று நினைத்திருந்தேன். மேகம் மூடிய ஒரு காலை ஏரிக்கரையில் அளந்தேன், 11,000-ஐத் தாண்டியது. கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. கண்ணின் பாவை சுருங்கி விரிந்து சமாளித்துவிடுகிறது. ஆனால் விழித்திரையில், பார்ப்பதற்காக அல்லாமல், இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனி அணுக்கள் இருக்கின்றன. அவை 210 லக்ஸைப் பார்த்துப் பகல் என்று உறுதியாகச் சொல்வதில்லை. பகல் எப்போது தொடங்கியது என்று தெரியாத மூளைக்கு இரவு எப்போது என்பதிலும் குழப்பம்தான். 2013-இல் கொலராடோவில் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். மின்விளக்கு கிடையாது, வெயிலும் இரவில் நெருப்பு வெளிச்சமும்தான். வாரம் முடிவதற்குள் அவர்கள் உடலின் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்து, சூரியன் மறையும் வேளையோடு ஒட்டிக்கொண்டது. இரவில் விழித்திருப்பதே என் சுபாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அதில் அடக்கம். நான் மலைக்குப் போகவில்லை. காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் இருக்கிறேன், இரவு பத்தரைக்குக் கண் சொருகுகிறது. மூன்று மணி விழிப்பு வாரத்தில் ஒரு நாள் வருகிறது, சில வாரம் வருவதே இல்லை.

தம்பி மகளுக்கு எட்டு வயது. ஆண்டுக்கு ஆண்டு கண்ணாடியின் பவர் கூடிக்கொண்டே போகிறது. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். வந்துவிட்ட குறையை வெயில் போக்காது, வராமல் காப்பதில்தான் அதன் பங்கு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் இன்னும் கண்ணாடி போடாத அவள் தம்பியையும் என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு பேரும் மண்ணில் புரளுகிறார்கள். தம்பி மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பின்லாந்தில் மழலைப் பள்ளி முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து போட்டு 28 நாள் பிள்ளைகளை விளையாடவிட்டதையும், அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை கூடியதையும், இரத்தத்தில் நோய் எதிர்ப்பை நிதானப்படுத்தும் அணுக்கள் மேம்பட்டதையும் அவளிடம் சொன்னேன். "அண்ணி, நகத்தையாவது வெட்டிவிட்டு அனுப்புகிறேன்" என்றாள். அது நியாயம்தான்.

காட்டுக் குளியல் என்று ஒன்று, அதாவது காட்டில் மெல்ல நடந்து நேரம் கழிப்பது, இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஜப்பானிய வனத்துறை 1982-இல் அந்தப் பெயரை வைத்தது. மரங்கள் காற்றில் விடும் வாசனைப் பொருள்கள் நம் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சில அணுக்களைத் தூண்டுகின்றன என்று அங்கே ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்தவை, ஆகவே நான் அதில் பெரிதாகச் சாய மாட்டேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டுத் தொகுத்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடம் பூங்கா, காடு, கடற்கரை என்று எங்காவது இருந்தவர்கள், கொஞ்சமும் போகாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கணிசமாகக் கூடுதல். ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, நாலு நாளில் அரை அரை மணியா என்பதில் வித்தியாசம் இல்லை. நாள்பட்ட நோய் உள்ளவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் மிச்சம் இருக்கிறது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் நெடும்பயணமும் விடுமுறையும் வேண்டாம், பக்கத்தில் இருப்பதே போதும் என்ற செய்தி எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்த மாத்திரையை நான் இன்றும் போடுகிறேன். சென்ற மாதம் 128/82. மாத்திரையின் அளவை மருத்துவர்தான் குறைத்தார், நானாகக் குறைக்கவில்லை. மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களிடம் போய், மரத்தடியில் உட்கார், எல்லாம் சரியாகும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆழ்ந்த சோர்வில் இருப்பவருக்கு வாசல் வரை எழுந்து வருவதே மலையேறுவதுபோல. அவருக்கு வேண்டியது கூட நடக்க ஓர் ஆள்.

பக்கத்தில் இருப்பதே போதும் என்று எழுதும்போதே உறுத்துகிறது. பக்கத்தில் எதுவும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியிருக்கும் பெண்கள்? உட்கார ஒரு பலகை இல்லாவிட்டால் என் அப்பா போன்றவர்கள் நூறடிக்கு மேல் போக முடியாது. மரத்தை அழகுக்கு வைக்கும் பொருள் என்றே எண்ணும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவில் மரகதப் பச்சை நிறத்தில் ஒரு துளைப்பான் வண்டு பரவி, சுமார் 10 கோடி ஆஷ் மரங்களைக் கொன்றது. 15 மாநிலங்களில் 1990 முதல் 2007 வரையிலான இறப்புக் கணக்கை எடுத்து, வண்டு வந்த மாவட்டங்களையும் வராத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். வண்டு புகுந்த இடங்களில் இதய, இரத்தக்குழாய் நோயால் சுமார் 15,000 பேரும் நுரையீரல் நோயால் சுமார் 6,000 பேரும் கூடுதலாக இறந்திருந்தார்கள். வருமானம், கல்வி போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகு வந்த கணக்கு அது. தெருவில் மரம் செத்தது, மனிதர்களும் கூடச் செத்தார்கள். இந்த எண்களை முதல் முறை படித்தபோது அச்சுப்பிழையோ என்று சந்தேகப்பட்டு மூலத்தைத் தேடிச் சரிபார்த்தேன். பிழை இல்லை.

சென்ற மாதம் ஏரிக்கரைப் புங்கை மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டிருக்கிறார்கள். மதகுப் பக்கத்து மரத்துக்கு 27. கணக்கெடுப்புக்காகவா வெட்டுவதற்காகவா என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. உரிய அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன், காலையில் அங்கே நடக்கும் 41 பேரிடம் கையெழுத்து வாங்கி இணைத்திருக்கிறேன். முதல் கடிதத்தில் மரத்தின் நிழலைப் பற்றி எழுதினேன். இரண்டாவதில் இறப்புக் கணக்கை எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதுவேன்.

போன மாதம் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். வாக்குவாதத்தைப் பற்றி இருவருமே எடுக்கவில்லை. ஏரியில் நீர்க்காகம் வந்திருக்கிறது என்றேன். அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து என்ன தெரிகிறது என்று சொன்னாள். இருபது நிமிடம் பேசியிருப்போம்.

அப்பா இப்போது கோலூன்றி வாசல் வரை நடக்கிறார். ஏரிக்கரை அவருக்குத் தூரம். அதனால் தினமும் ஓர் இலை கொண்டுவருகிறேன். இன்று கொண்டுவந்தது புதுத் தளிர், செம்பு நிறத்தில், ஈரம் பட்டதுபோல் பளபளவென்று. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இதில் இன்னும் ஒரு புடைப்பும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருபத்தேழுதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.